மூணாற்றின் பாதுகாப்பு யாருக்கான பாதுகாப்பு?

2025 அக்டோபர் இறுதியில் மும்பையைச் சேர்ந்த பெண் உதவிப் பேராசிரியர் ஒருவர் மூணாற்றுக்குச் சுற்றுலா வந்தார். செயலி வழியாக அவர் அமர்த்திய காரை உள்ளூர் டாக்சி ஓட்டுநர்கள் வழிமறித்தனர். இணையவழி வண்டியில் ஏறக்கூடாது, உள்ளூர் வண்டியில்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தினர். அவர் காவல்துறையின் உதவியை நாடினார். வந்த காவலர்களும் ஓட்டுநர்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பிய அவர், நடந்ததைக் காணொலியில் சொன்னார். அது நாடெங்கும் பரவிய பிறகே அரசு விழித்துக்கொண்டது. ஓட்டுநர்கள் கைதாயினர். இரு காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். கேரளத்தில் இணையவழி டாக்சிகளுக்குத் தடை ஏதும் இல்லை என்று போக்குவரத்து அமைச்சர் விளக்கமளித்தார். தொடர்புடையவர்களின் ஓட்டுநர் உரிமம் மீது நடவடிக்கை பாயும் என்றும் அறிவித்தார்.

இந்த நிகழ்விலிருந்து இரண்டு முடிவுகள் அவசரமாகப் பெறப்பட்டன. முதலாளித்துவ ஊடகங்கள், தொழிற்சங்க அடாவடித்தனமே கேரளச் சுற்றுலாவின் நோய் என்றும் காவல்துறையின் இரும்புக்கரமே அதற்கு மருந்து என்றும் தீர்ப்பெழுதின. மறுபக்கத்தில், டாக்சி நிறுத்தங்களில் பணியாற்றும் தோழர்கள் சிலரிடையே வேறொரு குரல் எழுந்தது. ஓட்டுநர் நம் வர்க்கத்தவர். பன்னாட்டு நிறுவனத்தின் வண்டியை மறிப்பது அவரது வாழ்வாதாரப் போராட்டம். காணொலி கேரளத்தின் பெயரைக் கெடுக்கும் சூழ்ச்சி என்பதே அக்குரல். இவ்விரண்டும் எதிரெதிர் நிலைகளைப் போலத் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. மலையில் உழைத்து வாழும் மக்களின் பாதுகாப்பு என்ற கேள்வியை இரண்டுமே எழுப்பவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பாமல் மூணாற்றில் வருவோருக்கும் பாதுகாப்பில்லை, வாழ்வோருக்கும் பாதுகாப்பில்லை.

அஞ்சியவர் பக்கம் நிற்பதே முதற்கடமை

முதலில் தோழர்களின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அறிமுகமில்லாத ஊரில், சாலை நடுவில், ஆண்கள் கூட்டமொன்று தன் வண்டியைச் சூழ்ந்து நிற்கும்போது ஒரு பெண் என்ன உணர்வார் என்பதை விளக்கிச் சொல்லவேண்டிய தேவையில்லை. எஸ்டேட் வேலை முடிந்து அந்திக் கருக்கலில் தனியே நடந்து வரும் எந்தத் தொழிலாளிப் பெண்ணும் அந்த அச்சத்தை அறிவார். அதைச் சூழ்ச்சி என்று சொல்பவர், பேராசிரியரை மட்டுமன்றித் தன் வீட்டுப் பெண்களையும் அவமதிக்கிறார். பயணி விரும்பிய வண்டியில் ஏறுவது சட்டம் அவருக்கு அளித்த உரிமை. அதை மறிக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் கிடையாது.

வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் ஆலை வாயிலில் நிற்பதையும் இதையும் சமமாக வைத்துப் பேசுவோர் உள்ளனர். அந்த ஒப்பீடு நிலைக்காது. வாயில் மறியல் முதலாளியின் இலாபத்தை நிறுத்துகிறது. சாலை மறிப்பு ஒரு பயணியையும் அவர் வண்டியை ஓட்டிவந்த இன்னொரு தொழிலாளியையும் நிறுத்துகிறது. அந்த ஓட்டுநரும் வண்டிக்கடனுக்குத் தவணை கட்டுபவர். ஒவ்வொரு சவாரியிலும் நிறுவனத்துக்குப் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தில் வீடு நடத்துபவர். மறிக்கப்பட்ட இடத்தில் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரும் இல்லை. அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தேறியது. மறுநாள் முதல் செயலி நிறுவனங்கள் பயணிகளின் காவலர்களாகவும், மலைத் தொழிலாளர்கள் ரவுடிகளாகவும் காட்சியளித்தனர்.

இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மூணாற்றில் இரண்டடுக்குச் சுற்றுலாப் பேருந்தைத் தொடங்கியபோது டாக்சி ஓட்டுநர்கள் கறுப்புக்கொடி காட்டினர். அதன் தொடர்ச்சியாக மூணாற்று டாக்சிகளை மோட்டார் வாகனத் துறை சோதனையிட வேண்டும் என்று அமைச்சர் உத்தரவிட்டார். பொதுத்துறைப் பேருந்தை எதிர்த்து உழைப்பாளி கறுப்புக்கொடி ஏந்துவது வருந்தத்தக்க நிலை. அந்த எதிர்ப்புக்கு அரசு சோதனையால் விடையளித்ததும் அதே அளவு வருந்தத்தக்கது. ஓட்டுநர்களை அழைத்துப் பேசவேண்டிய இடத்தில் அபராதச் சீட்டு பேசியது.

ஓட்டுநர் எங்கிருந்து வந்தார்?

இப்போது ஊடகங்களின் வாதத்துக்கு வருவோம். டாக்சி நிறுத்தத்தில் நிற்கும் அந்த இளைஞர் யார் என்று எந்தச் செய்தியாளரும் கேட்கவில்லை. மூணாற்றில் வாடகைக் காரோ ஜீப்போ ஆட்டோவோ ஓட்டுபவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கங்காணிகளால் மலையேற்றப்பட்டவர்கள். 1877இல் பூஞ்சாற்று அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்த நாள்முதல் அந்த மண்ணின் உரிமை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறியிருக்கிறது. 1971இல் கேரளச் சட்டமன்றம் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது. அதன்பின்னும் 57 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கம்பெனியின் கையிலேயே விடப்பட்டது. கொழுந்து பறித்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த நிலம் வரவில்லை.

தோட்டத்தில் வீடு என்பது லயத்தில் ஓர் அறை. வேலை இருக்கும்வரை அந்த அறை உண்டு. ஓய்வு பெற்றால் காலிசெய்ய வேண்டும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தோட்டத்திலேயே இருந்தாக வேண்டும், இன்னொருவர் வெளியே சம்பாதிக்க வேண்டும். வெளியே இருப்பது சுற்றுலா ஒன்றே. தங்கும் விடுதிகள் வெளியூர் முதலீட்டுக்குச் சொந்தம். உள்ளூர் இளைஞனுக்கு எஞ்சியது கடனில் வாங்கிய வண்டியும் அதை நிறுத்தும் சாலையோரமும்தான். அந்தச் சாலையோரத்தையும் தொலைவிலுள்ள ஒரு செயலி பறித்துக்கொள்ளும் என்ற அச்சத்தில்தான் அவர் வண்டியை மறித்தார். அச்சம் மெய்யானது, அதை வெளிப்படுத்திய வழி தவறானது. முதற்பாதியை மறைத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பேசுகின்றன முதலாளித்துவ ஊடகங்கள்.

பசுமைத் திரைக்குப் பின்னால்

1845இல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையை எழுதிய பிரெடரிக் எங்கெல்ஸ், மான்செஸ்டர் நகரின் அமைப்பைக் குறித்து நுட்பமான ஒன்றைக் கவனித்தார். புறநகர் மாளிகைகளிலிருந்து நகரின் மையத்துக்குச் செல்லும் பெருஞ்சாலைகளின் இருபுறமும் கடைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் சேரிகள் கண்ணில் படாமலேயே செல்வர்கள் நாள்தோறும் போய்வர முடிந்தது. மூணாற்றில் அந்தக் கடைவரிசையின் வேலையைத் தேயிலைச் செடிகள் செய்கின்றன. மாட்டுப்பட்டிச் சாலையிலோ இராஜமலைச் சாலையிலோ போகும் பயணியின் கண்ணுக்குப் பச்சைக் கம்பளம் தெரிகிறது. அந்தக் கம்பளத்தை நெய்தவர்களின் லயங்கள் தெரிவதில்லை. தெரிந்தாலும் அவை படத்துக்கு அழகூட்டும் சிறு புள்ளிகளாகின்றன.

2020 ஆகஸ்ட் 6 இரவு அந்தத் திரை கிழிந்தது. இரவிகுளம் தேசியப் பூங்காவை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. மழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே எட்டுவதற்கே மறுநாள் காலை ஆயிற்று. 2018 வெள்ளத்தில் உடைந்த பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாக இருந்த தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. மீட்புப் படையினர் அதனாலும் தாமதமாயினர். மறுநாள் இரவு கோழிக்கோட்டு விமான விபத்து நிகழ்ந்தது. அதில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய், பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பங்களுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. கோழிக்கோட்டுக்கு மறுநாளே சென்ற முதலமைச்சர் பெட்டிமுடிக்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று.

பெட்டிமுடிக்கு அருகிலுள்ள இராஜமலையில்தான் பயணிகள் வரையாடுகளைக் காண வரிசையில் நிற்கிறார்கள். ஆண்டுதோறும் வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவின் வாயில் பயணிகளுக்கு அடைக்கப்படுகிறது. அது நல்ல நடைமுறை, போற்றத்தக்கது. ஆட்டுக்குட்டிக்காக நாட்காட்டியைப் பார்த்து வாயிலை அடைக்கத் தெரிந்த நிர்வாகம், அடைமழைக் காலத்தில் மலைச்சரிவின் அடியிலிருந்த லயங்களை வெறுமையாக்கத் தெரியாமல் போனது ஏன்? சுற்றுலா நகரின் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் லயம் இடம்பெறவே இல்லை என்பதுதான் விடை. சுற்றுலாக் காவல் பிரிவின் சீருடை நகரச் சந்திப்பில் நிற்கிறது. லயத்துக்கு அத்தகைய காவல் இல்லை.

சரிவுகளைக் குடைந்து எழும் விடுதிகளும் இந்தக் கணக்கில் சேரும். 2007இல் வி.எஸ். அச்சுதானந்தன் அரசு மூணாற்று ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்க ஒரு சிறப்புக் குழுவை அனுப்பியது. அதில் காவல்துறை உயரதிகாரி ஒருவரும் இருந்தார். மண்வாரி இயந்திரங்கள் விடுதிகளை இடித்தபோது நாடே கைதட்டியது. அந்த இயந்திரம் கட்சி அலுவலகக் கட்டடங்களை நெருங்கியபோது முன்னணிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து இயக்கம் நின்றுபோனது. இடதுசாரிகள் இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மூணாற்று மக்கள் எதையும் மறக்கவில்லை.

1957இன் வாக்குறுதி

காவல்துறையின் இரும்புக்கரத்தைப் பரிந்துரைப்போருக்கு இந்த மலையின் வரலாறு விடை சொல்கிறது. 1957இல் பதவியேற்ற ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அரசு, அதுவரை இந்தியாவில் எந்த அரசும் துணியாத ஒரு காவல் கொள்கையை அறிவித்தது. தொழில் தகராறுகளிலும் நிலத்தகராறுகளிலும் உடைமையாளரின் கைத்தடியாகக் காவல்துறை செயல்படாது. உழைக்கும் மக்களின் நியாயமான போராட்டங்களை ஒடுக்காது. எல்லாக் குடிமக்களின் உயிரையும் காப்பதே அதன் கடமை என்பதே அக்கொள்கையின் சாரம். உடைமை வர்க்கங்கள் அதை அராசகம் என்று கூச்சலிட்டன. உழைக்கும் மக்கள் முதன்முறையாகக் காவல் நிலையத்தை அச்சமின்றிப் பார்த்தார்கள்.

ஆனால் கொள்கையை அறிவிப்பது எளிது. காலனி ஆட்சி வடித்துக் கொடுத்த ஒரு படையின் இயல்பை மாற்றுவது கடினம். 1958 ஜூலையில் கொல்லத்துக்கு அருகில் சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போதும் துப்பாக்கி வெடித்தது. இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில், கம்யூனிஸ்டுகளின் தொழிற்சங்கம் நடத்திய போராட்டத்தில் அது நிகழ்ந்தது. அரசு என்பது ஆயுதமேந்திய தனிப்படைகளையும் சிறைகளையும் கொண்டு சமுதாயத்துக்கு மேலே நிற்கும் அதிகாரம் என்று எங்கெல்ஸ் விளக்கியது ஏட்டுச் சூத்திரம் அன்று. மூணாற்றுத் தோட்டப் பாதையில் குருதியால் எழுதப்பட்ட பாடம். அமைச்சரவை மாறினாலும் காவல் நிலையத்தின் பழக்கம் தானாக மாறாது.

அந்தப் பழக்கம் என்ன என்பதை 2025 அக்டோபர் நிகழ்வு இன்னொரு முறை காட்டியது. சாலையில் யார் வலுவானவரோ அவர் பக்கம் காவலர் நின்றார். காணொலி பரவி, வலு வேறு பக்கம் சாய்ந்ததும் அதே காவல்துறை ஓட்டுநர்களைக் கைதுசெய்தது. இரண்டு நாளும் அது சட்டத்தைப் பார்க்கவில்லை. காற்றடிக்கும் திசையைப் பார்த்தது. காணொலி எடுக்கத் தெரியாத, ஆங்கிலம் பேசத் தெரியாத, பல்லாயிரம் பேர் பின்தொடராத ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் அதே நிலையத்தின் படியேறினால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

எந்தச் சமூகம்?

காவல்துறையும் சமூகமும் கைகோத்தால் போதும் என்று சொல்வோர் கேரளத்தின் ஜனமைத்ரி திட்டத்தைச் சுட்டிக்காட்டுகின்றனர். நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைப்படி 2008 மார்ச்சில் 20 காவல் நிலையங்களில் தொடங்கப்பட்ட இத்திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. 2011ஆம் ஆண்டுக் கேரளக் காவல் சட்டம் சமூகக் காவலுக்குச் சட்டத் தகுதியும் அளித்தது. சுற்றுக்காவலர் தம் பகுதியின் வீடுகளுக்குச் சென்று மக்களை அறிந்துகொள்வதும், உள்ளூர்ப் பாதுகாப்புக் குழு கூடிப் பேசுவதும் திட்டத்தின் உயிர்நாடி. தனியே வாழும் முதியோருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதனால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் குழுவின் உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர் அல்லர்; காவல் அதிகாரிகளால் நியமிக்கப்படுவோர். ஒரு சுற்றுலா ஊரில் இயல்பாகவே அந்த நாற்காலிகளில் விடுதி உரிமையாளரும் வணிகரும் அமர்வார்கள். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. முதுவான் குடியிலிருந்து வருபவருக்கும் இல்லை. சமூகம் என்ற இனிய சொல் வர்க்கத்தையும் சாதியையும் மொழியையும் ஒரே போர்வையால் மூடிவிடுகிறது.

போர்வைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பாலக்காட்டு எல்லை மலை காட்டிக்கொடுத்தது. தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் கலந்து ஒலிக்கும் அட்டப்பாடியில், முக்காலி என்ற சிறு சந்திப்பு அமைதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குச் செல்லும் பயணிகளின் நுழைவாயில். 2018 பிப்ரவரி 22 அன்று, கடையில் அரிசியும் மளிகைப் பொருளும் திருடினார் என்று குற்றஞ்சாட்டி, காட்டில் தனியே வாழ்ந்துவந்த மது என்ற ஆதிவாசி இளைஞரை ஒரு கூட்டம் பிடித்துவந்தது. கைகளைக் கட்டி அடித்தது. அடித்தவர்கள் அதைப் படமும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் முக்காலியில் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே மது இறந்தார். அடித்தவர்கள் வெளியூர்க் குண்டர்கள் அல்லர். வண்டியோட்டியவர்கள், கடை வைத்திருந்தவர்கள், ஊர்க்காரர்கள். தங்கள் ஊரைப் பாதுகாத்ததாகவே அவர்கள் நம்பினார்கள். வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். மதுவின் தாயும் சகோதரியும் ஐந்து ஆண்டுகள் விடாமல் போராடிய பின்னரே, 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்து, அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சமூகமும் காவல்துறையும் முக்காலியிலும் கைகோத்தே நின்றன. நடுவில் கட்டப்பட்ட கைகளோடு ஓர் ஆதிவாசி இருந்தார்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பிரச்சினை கொந்தளித்தபோது இதே சொல் எல்லையின் இருபுறமும் ஆயுதமாயிற்று. தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போன தமிழ்ப் பெண்கள் அச்சுறுத்தப்பட்டார்கள். குமுளிச் சாலை அடைபட்டது. தேக்கடிக்கு வரவேண்டிய பயணிகளும் வரவில்லை. கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களின் அடுப்பும் எரியவில்லை. மொழியின் பெயரால் திரளும் ஊர்க்கூட்டம் முதலில் சுடுவது உழைப்பவரின் வயிற்றைத்தான்.

ஒன்பது நாள் காத்த பெண்கள்

அப்படியானால் மக்களே காக்கும் பாதுகாப்பு என்ற ஒன்று உண்டா? உண்டு. அதையும் மூணாறே காட்டியது. 2015 செப்டம்பரில் போனஸை 10 விழுக்காடாகக் கம்பெனி குறைத்தபோது, நாட்கூலி 232 ரூபாய் பெற்றுவந்த தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மலையிறங்கினார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர் சூட்டிக்கொண்டு சாலையில் அமர்ந்தார்கள். ஒன்பது நாட்கள் நகரம் அவர்கள் கையில் இருந்தது. சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவேண்டாம் என்று விரட்டினார்கள். அந்தத் தலைவர்களில் இடதுசாரிச் சங்கத்தவரும் இருந்தனர். காவலர்கள் குவிக்கப்பட்டிருந்தும் தடியடிக்கோ துப்பாக்கிக்கோ காரணம் கிடைக்கவில்லை. அத்தனை ஆயிரம் பெண்கள் இரவுபகலாக அமர்ந்த தெருவில் ஒரு கடையும் சூறையாடப்படவில்லை. முடிவில் 20 விழுக்காடு தொகையைப் பெற்றுக்கொண்டே எழுந்தார்கள்.

அந்த ஒன்பது நாட்களில் மூணாறு சுற்றுலா நகரமாக இயங்கவில்லை. ஆனால் பாதுகாப்பான நகரமாக இருந்தது. ஒழுங்கைக் காத்தவை ஒரு கூட்டத்தின் தன்மதிப்பும் அது தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடும். பத்தாண்டு கழித்து ஒரு பெண்ணின் காரை மறித்தவர்களில், அன்று தெருவில் அமர்ந்த தாய்மாரின் பிள்ளைகளும் இருந்திருக்கக்கூடும். அந்தத் தாய்மாரின் பள்ளியில் பயின்றவர் பயணியை மறிக்கமாட்டார். கம்பெனியின் வாயிலில் போய் அமர்வார். அந்தப் பாடத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கத் தவறியது தொழிற்சங்க இயக்கத்தின் பிழை. தாய்மார் விரட்டியபோது ஏன் விரட்டினார்கள் என்று ஆராயாமல், பின்னால் யாரோ தூண்டினார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டதன் தொடர்ச்சி அது.

செய்யவேண்டியவை

விமர்சனம் செயலாக மாறாவிட்டால் வெறும் புலம்பலாகிவிடும். எல்லைப் பகுதிகளில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்கள் முன் உடனடியாக நிற்கும் கடமைகள் இவை.

டாக்சி, ஜீப், ஆட்டோ நிறுத்தங்களில் உள்ள தோழர்கள், எந்தப் பயணியையும் எந்த வண்டியையும் மறிப்பதில்லை என்ற தீர்மானத்தைத் தாமே முன்மொழிய வேண்டும். காவல்துறைக்கு அஞ்சி அன்று, தொழிலாளி வர்க்க ஒழுக்கத்தின் பெயரால். கட்டணப் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் நிறுத்தத்தில் எழுதிவைக்க வேண்டும். பெண் பயணி நம்பி ஏறும் நிறுத்தம் என்ற பெயரைச் சங்கம் சம்பாதித்தால் எந்தச் செயலியும் அதை வெல்ல முடியாது.

செயலி வழி ஓட்டுநரை எதிரியாகப் பார்ப்பதை விடுத்து ஒரே சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். 2022 ஆகஸ்டில் கேரள அரசு தொடங்கிய ‘கேரள சவாரி’ செயலி 8 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு வந்தது. மலைச்சாலையின் தேவைக்கேற்ப, ஓட்டுநர் கூட்டுறவின் பொறுப்பில் அதை மூணாற்றிலும் தேக்கடியிலும் நெல்லியாம்பதியிலும் முழுமையாக நடத்தக் கோர வேண்டும். பொதுத்துறைப் பேருந்தை எதிர்ப்பதற்கு மாறாக, அதன் நேரத்தையும் வழியையும் தோட்டத் தொழிலாளருக்கும் பயன்படும்படி அமைக்கக் கோருவதே சரியான நிலைப்பாடு.

ஜனமைத்ரி குழுக்களில் லயத்துப் பெண்களும் ஆதிவாசி ஊர்க்கூட்டங்களின் பிரதிநிதிகளும் ஓட்டுநர்களும் விடுதித் தொழிலாளர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர வேண்டும். குழுவில் பேசப்பட்டது ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளவும் தமிழிலேயே விடைபெறவும் உரிமையளிக்கிறது. அந்த உரிமை தேவிகுளத்திலும் சித்தூரிலும் காவல் நிலையத்துக் கதவருகே நின்றுவிடக் கூடாது. தமிழில் எழுதிய புகாருக்குத் தமிழில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கும் பழக்கத்தைக் கட்சிக் கிளைகள் தொடங்கலாம். காவல் சட்டத்தின்படி அமைந்த மாவட்டப் புகார் ஆணையம் மூணாற்றுக்கும் அகளிக்கும் வந்து அமர்ந்து மக்களைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பு லயத்திலிருந்து தொடங்க வேண்டும். சரிவுகளின் கீழுள்ள லயங்களைக் கணக்கெடுத்து மழைக்காலத்துக்கு முன்பே மக்களை இடம்மாற்றவும், ஓய்வுபெற்ற தொழிலாளிக்குச் சொந்த நிலமும் வீடும் வழங்கவும் போராடாத கட்சி, மூணாற்றின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது. சொந்தமாக ஒரு கூரை உள்ள குடும்பத்தின் பிள்ளை சாலையோரத்தில் பசித்த புலியாக நிற்கத் தேவையிராது.

பயணி இரண்டு நாள் தங்கிச் சென்றுவிடுவார். அந்த இரண்டு நாளும் அவர் அச்சமின்றி நடமாட வேண்டும். அதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவர் போன பிறகும் மலையில் இரவு வரும், மழை வரும், லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைகளோடு படுக்கும் குடும்பங்கள் இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒருவர் அச்சமின்றி உறங்கும் நாளில்தான் மூணாற்றைப் பாதுகாப்பான நகரம் என்று அழைக்க முடியும். 2015இல் தெருவில் அமர்ந்த பெண்கள் அந்த நாளை நோக்கி முதலடியை வைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நடக்கக் கற்றுக்கொள்வதே கட்சியின் இன்றைய பணி.